தன்மையும் பெயரும்: 'ஐ லவ் லூசி' தொடரில் கணவன் - மனைவியின் கூட்டுப் படைப்பாண்மை

1951 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'ஐ லவ் லூசி' என்னும் நகைச்சுவைத் தொடரின் தலைப்பைத் தமிழாக்கினால் 'நான் லூசியை நேசிக்கிறேன்' என அமையும். எழுவாய் தன்மை ஒருமை; செயப்படுபொருள் இயற்பெயர். இந்த இலக்கண அமைப்பிற்குப் பின்னால் ஒரு பேரம் உண்டு. நடிகை என்ற நிலையில் லூசில் பாலுக்கு அன்று இருந்த புகழ், இசைக்குழுத் தலைவராகிய அவர் கணவர் டெசி ஆர்னாஸுக்கு இல்லை. எனினும் கணவருக்குத் தலைப்பில் முதலிடம் வேண்டும் என்ற விருப்பம் இருந்தது. 'நான்' என்பது கணவனையே குறிக்கும் ஆதலின் அவர் முன்னிற்கிறார் என்பது அனைவரும் ஏற்கத்தக்க தீர்வாயிற்று. இடம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. இரண்டாம் வேற்றுமை ஏற்றுப் பின்வந்த சொல்லே உலகெங்கும் நிலைத்தது.

இவ்விருவரின் தொழில்வாழ்க்கையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரு பகுப்பைக் கைக்கொள்கின்றனர். நடிப்புத்திறன் மனைவியுடையது, வணிக அறிவு கணவனுடையது என்பதே அது. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இப்பகுப்பு, படைப்பு எங்கே நிகழ்ந்தது என்ற வினாவை எழவே விடுவதில்லை. கூட்டுப் படைப்பில் ஒருவர் பங்கை மற்றவர் பங்கிலிருந்து பிரித்தெடுக்க இயலுமா, இயலாதெனின் அப்படைப்பிற்கு ஆசிரியர் யார் என்னும் வினாவை இத்தொடரின் வழி ஆராய முற்படுகிறது இக்கட்டுரை.

இருவர் வந்த வழி

லூசில் பால் நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் 1911இல் பிறந்தவர். டெசி ஆர்னாஸ் கியூபாவின் சாண்டியாகோவில் 1917இல் பிறந்தவர். நகரத் தந்தையாக இருந்தவரின் மகன். 1933ஆம் ஆண்டுப் புரட்சியில் குடும்பம் உடைமை இழக்க, மயாமிக்குப் புலம்பெயர்ந்து இசையால் பிழைத்தவர். 'டூ மெனி கேர்ள்ஸ்' திரைப்படத்தின் தயாரிப்பின்போது ஆர்.கே.ஓ. படப்பிடிப்பு நிலையத்தில் சந்தித்த இருவரும் 1940 நவம்பர் 30 அன்று மணந்துகொண்டனர். இசைக்குழுவோடு கணவர் ஊர் ஊராகச் செல்ல, மனைவி ஹாலிவுட்டில் படங்களில் நடிக்க, ஒரு கூரையின்கீழ் வாழ்ந்த நாள்கள் குறைவு. 1944இல் மனைவி மணவிலக்குக் கோரி வழக்கிட்டுப் பின் சமரசமாயினர்.

1948 முதல் சி.பி.எஸ். வானொலியில் 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' என்ற நகைச்சுவைத் தொடரில் லூசில் பால் நடித்துவந்தார். அதில் கணவனாக நடித்தவர் ரிச்சர்ட் டென்னிங். அதனைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுசெல்ல நிறுவனம் விரும்பியபோது, தம் உண்மைக் கணவரே கணவனாக நடிக்க வேண்டும் என்றார் பால். கியூபா உச்சரிப்புடைய ஒருவரை அமெரிக்க மனைவிக்குக் கணவனாகப் பார்வையாளர் ஏற்கமாட்டார் என்பது அதிகாரிகளின் தயக்கம். 1950இல் இருவரும் 'டெசிலு' என்ற நிறுவனத்தைத் தோற்றுவித்து, மேடை நகைச்சுவை நிகழ்ச்சியோடு பல ஊர்களுக்குச் சென்று அத்தயக்கத்தைப் பொய்யாக்கினர். டெசி, லூசி என்னும் இரு பெயர்களின் புணர்ச்சியே நிறுவனத்தின் பெயர். அப்புணர்ச்சியில் நிலைமொழி கணவருடையது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

ஆக, இத்தொடர் பிறப்பதற்கான முதற்காரணம் கலைசார்ந்ததோ வணிகம்சார்ந்ததோ அன்று. ஒரே வீட்டில் இருக்க விரும்பிய இருவரின் தேவை. இத்தேவை தொடரின் வடிவத்தையே தீர்மானித்தது என்பதைத் தொடர்ந்து காணலாம்.

படச்சுருளும் பார்வையாளரும்

1951இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரலையாக ஒளிபரப்பாயின. பிற பகுதிகளுக்கு, தொலைக்காட்சித் திரையையே படம்பிடித்த 'கினெஸ்கோப்' என்னும் மங்கிய படியே சென்றது. விளம்பரதாரராகிய ஃபிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனமும் நியூயார்க் நேரலையையே விரும்பியது. தம்பதியரோ ஹாலிவுட்டில் இருந்த வீட்டை விட்டுச் செல்ல உடன்படவில்லை. திரைப்படத்திற்குரிய 35 மி.மீ. சுருளில் பதிவுசெய்தால் நாடு முழுவதும் ஒரே தெளிவுடன் காட்டலாம் என்பது மாற்றாக முன்வைக்கப்பட்டது. செலவு கூடியது. அதனை ஈடுசெய்ய வாரத்திற்கு 1,000 டாலர் ஊதியக் குறைப்பை ஏற்ற தம்பதியர், அதற்குக் கைம்மாறாகப் படச்சுருள்களின் உரிமையைத் தம் நிறுவனத்திற்குப் பெற்றனர். ஒளிபரப்பி முடிந்த நிகழ்ச்சிக்கு விலை உண்டு என்று அன்று எவரும் பெரிதாகக் கருதவில்லை.

இங்கே ஒரு முரண் எழுந்தது. திரைப்படம்போல் ஒரே கேமராவில் துண்டு துண்டாகப் படம்பிடித்தால் லூசில் பாலின் நடிப்பு ஒடுங்கிவிடும்; எதிரே இருந்து சிரிப்போர் இருந்தால்தான் அவர் நடிப்பு மலரும் என்பதை வானொலியில் பார்வையாளர் முன் நடித்த காலத்திலேயே அனைவரும் கண்டிருந்தனர். எனவே பார்வையாளர் வேண்டும், படச்சுருளும் வேண்டும். ஏறத்தாழ 300 பேர் அமரும் அரங்கின் முன், நாடகம்போல் வரிசைமுறையில் நடிக்க, மூன்று கேமராக்கள் ஒருங்கே இயங்கிப் பதிவுசெய்யும் முறை இவ்வாறே அமைந்தது. 'மெட்ரோபோலிஸ்' (1927) படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவரும் 'தி குட் எர்த்' (1937) படத்திற்கு ஆஸ்கார் பெற்றவருமான கார்ல் ஃபிராய்ண்ட் இதற்கு ஒளிப்பதிவாளராக அழைக்கப்பட்டார். கேமராக்கள் எங்கு நகர்ந்தாலும் ஒளியமைப்பை மாற்ற வேண்டாதபடி மேலிருந்து சீராக ஒளி பரப்பும் ஏற்பாட்டை அவர் செய்தார். நிழலின் கலைஞராகப் போற்றப்பட்டவர் நிழலே விழாத அரங்கை அமைத்தது தொலைக்காட்சி வரலாற்றின் சுவையான நிகழ்வுகளுள் ஒன்று. மூன்று சுருள்களையும் ஒருசேர ஓட்டிப் பார்க்கும் படத்தொகுப்புப் பொறியைத் தொகுப்பாளர் 'பூதம்' என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர்.

பல கேமராக்களால் படச்சுருளில் பதிவுசெய்யும் முறையை டெசி ஆர்னாஸ் தனியொருவராகக் கண்டுபிடித்தார் என்று பல நூல்கள் கூறுவது மிகையுரையாகும். அம்முறைக்கு முன்முயற்சிகள் இருந்தன. இத்தொடரிலும் பலர் கைகள் சேர்ந்துள்ளன. ஆர்னாஸின் பங்கு வேறு வகையது. மனைவியின் நடிப்பு எத்தகைய வெளியில் உயிர்பெறும் என்பதை அறிந்து, அவ்வெளியைப் பொறியியலாகவும் ஒப்பந்தமாகவும் மாற்றியதே அவர் செயல். இது வணிக அறிவா, கலையுணர்வா? மூன்று கேமராக்களை நாடுமாறு செய்தது மனைவியின் உடல்மொழி. அவ்வுடல்மொழியை அழியாது வைத்தது அக்கேமராக்களின் அமைப்பு. ஒன்றை நீக்கின் மற்றொன்றிற்கு வேலையில்லை. 'அவர் முகம், இவர் மூளை' என்னும் பகுப்பு இவ்விடத்திலேயே தளர்ந்துவிடுகிறது.

கதைக்குள்ளும் புறத்தும்

தொடரின் கதைக்களம் எளியது. ரிக்கி ரிக்கார்டோ நியூயார்க்கில் ஒரு கேளிக்கை விடுதியின் இசைக்குழுத் தலைவன். அவன் மனைவி லூசி, எப்படியேனும் கணவனின் மேடையில் ஏறிவிட வேண்டும் என்று துடிப்பவள். அவளுக்குத் திறமையில்லை என்பது கணவனின் உறுதியான கருத்து. வாரந்தோறும் சூழ்ச்சி செய்கிறாள்; தோற்கிறாள்; வீடு திரும்புகிறாள். படைப்பிற்குப் புறத்தே இருந்த நிலையோ இதற்கு நேர்மாறானது. மனைவியே நட்சத்திரம், அவர் வற்புறுத்தியதனாலேயே கணவர் நிகழ்ச்சிக்குள் வந்தார். திறமையற்றவளாக நடிக்க மிகுந்த திறமை தேவை என்பதும், அத்திறமையைக் கண்டு வாரந்தோறும் கோடிக்கணக்கானோர் மகிழ்ந்தனர் என்பதும் கதையின் தீர்ப்பை உள்ளிருந்தே அரித்துவிடுகின்றன.

1952 மே மாதம் ஒளிபரப்பான, லூசி தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றும் பகுதி இதற்குத் தக்க சான்று. ரிக்கியின் நிகழ்ச்சியில் ஒரு சத்து மருந்தை விளம்பரப்படுத்த வந்த பெண்ணைத் தந்திரமாக விலக்கிவிட்டு லூசி அவ்விடத்தைப் பிடிக்கிறாள். அம்மருந்தில் மது 23 விழுக்காடு. ஒத்திகைதோறும் ஒரு கரண்டி விழுங்க விழுங்க, நாவில் பெயர் குழறுகிறது. சொற்கள் இடம் மாறுகின்றன. முதல் ஒத்திகையில் அவள் முகம் மருந்தின் கசப்பைக் காட்டுகிறது. அடுத்தடுத்து அக்கசப்பு இனிப்பாக மாறும் படிநிலைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காணலாம். வசனம் ஒன்றே, மெய்ப்பாடு மட்டும் மாறிக்கொண்டே செல்கிறது. மெய்ப்பாட்டியலைப் பயின்ற எவரும் இக்காட்சியைப் பயன்கொள்ளலாம். ஆயினும் பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது இறுதிப் பகுதி. நிகழ்ச்சி நேரலையில் செல்கிறது, ரிக்கி பாடிக்கொண்டிருக்கிறான், மயங்கிய லூசி மேடைக்கு வந்து உடன்பாடத் தொடங்குகிறாள். பாட்டை நிறுத்தாமல், சினத்தைக் காட்டாமல், சினம் இருப்பதையும் மறைக்காமல் ஆர்னாஸ் பாடிச்செல்லும் அந்தக் கட்டுப்பாடு இல்லையெனின் பாலின் கட்டுமீறலுக்குப் பொருளில்லை. எல்லை நிலைத்திருந்தால்தான் மீறுதல் புலப்படும்.

1952 செப்டம்பரில் வெளிவந்த, வேலைகளை மாற்றிக்கொள்ளும் பகுதி மேலும் நுட்பமானது. பொருளீட்டுவது கடினமா, இல்லம் நடத்துவது கடினமா என்ற வழக்கில் ஆடவர் அடுக்களைக்கும் மகளிர் வேலைக்கும் செல்கின்றனர். மிட்டாய்த் தொழிற்சாலையில் நகரும் பட்டையில் வரும் சாக்லேட்டுகளைத் தாளில் சுற்ற இயலாமல் லூசியும் தோழி எத்தலும் வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணித்துக்கொள்ளும் காட்சி உலகப் புகழ் பெற்றது. அதே நேரத்தில் வீட்டில், சோறாக்க அளவு தெரியாத ரிக்கியின் பானையிலிருந்து அரிசி பொங்கி அடுப்பையும் தரையையும் மூடுகிறது. முடிவில் இருதரப்பும் தோல்வியை ஒப்புக்கொண்டு பழைய இடங்களுக்கே திரும்புகின்றனர். பெண்ணியத் திறனாய்வாளர் இம்மீட்சியைக் குறையாகச் சுட்டுவதில் நியாயமுண்டு. எனினும், வீட்டுவேலையும் கூலிவேலையும் ஒன்றையொன்று ஒத்த இரு பொங்கிவழிதல்களாகக் காட்டப்பட்டதை அத்திறனாய்வு கணக்கில் கொள்ளவேண்டும். மகிழ்ச்சியான முடிவைக் காட்டிலும் அந்த இணைவைப்பே பார்ப்பவர் நினைவில் தங்குகிறது.

மொழி தொடர்பான ஒரு செய்தியும் நோக்கத்தக்கது. ரிக்கி சினம் கொள்ளும்போது ஸ்பானிய மொழியில் பொரிந்துதள்ளுவான். அதற்கு மொழிபெயர்ப்புக் கிடையாது. அவன் ஆங்கில உச்சரிப்பை எள்ளும் உரிமை லூசி ஒருத்திக்கே உண்டு. பிறர் எள்ளினால் அரங்கம் சிரிப்பதில்லை என்பதை எழுத்தாளர்கள் கண்டுகொண்டனர். மணவுறவு தரும் உரிமை நகைச்சுவையின் விதியாகவே ஆயிற்று. அதிகாரிகள் அஞ்சிய அதே உச்சரிப்பு தொடரின் வளமாக மாறியது இவ்விதியினால்தான்.

வேப்பந்தழையும் கருவுற்ற உடலும்

அகத்திணைத் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்பெறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. நெடுநல்வாடை அகமா புறமா என்ற வழக்கு தமிழாய்வில் நெடுங்காலமாக நிகழ்வது இம்மரபின் பொருட்டே. பாட்டு முழுதும் பிரிவாற்றாத தலைவியைப் பாடினும், வேலில் கட்டிய வேப்பந்தழை பாண்டியனின் அடையாளம் ஆதலின் அது புறமாயிற்று என்றார் நச்சினார்க்கினியர். ஓர் இலை போதும், அகம் புறமாகிவிடுகிறது. இவ்வளவைக்கோல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக உருவானதன்று. ஆயினும் 'ஐ லவ் லூசி' செய்ததை விளக்க இதனினும் கூரிய கருவி கிடைப்பது அரிது.

1952இல் லூசில் பால் கருவுற்றார். மறைப்பது, தொடரை நிறுத்துவது என்னும் இரு வழிகளையும் விலக்கி, கதைத்தலைவியும் கருவுற்றதாக அமைப்பது என முடிவாயிற்று. கருவுற்றவள் என்ற பொருளுடைய நேர்ச்சொல்லைப் பயன்படுத்த சி.பி.எஸ். இசையவில்லை, 'எதிர்பார்த்திருக்கிறாள்' என்ற இடக்கரடக்கலே அனுமதிக்கப்பட்டது. கத்தோலிக்கக் குரு, புராட்டஸ்டன்ட் போதகர், யூத குரு ஆகிய மூவர் பிரதிகளைப் பார்வையிட்டனர். 1952 டிசம்பர் 8 அன்று ஒளிபரப்பான பகுதியில், கணவனிடம் செய்தியைச் சொல்ல நாள்முழுதும் முயன்று தோற்ற லூசி, இறுதியில் விடுதி மேடையில் அவன் பாடும்போது அறியச்செய்கிறாள். அக்காட்சியில் இருவரும் உண்மையாகவே கண்கலங்கினர். மீண்டும் எடுக்கலாம் என்ற எண்ணம் கைவிடப்பட்டு அப்பதிவே வைத்துக்கொள்ளப்பட்டது. அங்கே அழுபவர் ரிக்கியா ஆர்னாஸா என்று எவராலும் கூற இயலாது. வேப்பந்தழை புலப்பட்ட இடம் அதுவே.

1953 சனவரி 19 அன்று கதையில் லூசிக்கு ஆண்மகவு பிறந்தது. அதே நாளில் லூசில் பாலுக்கும் அறுவை மருத்துவத்தின் வழி ஆண்மகவு பிறந்தது. அன்று அப்பகுதியை ஏறத்தாழ 4 கோடியே 40 இலட்சம் பேர் கண்டனர் என்பது கணக்கு. மறுநாள் நிகழ்ந்த ஐசனோவரின் பதவியேற்பைக் கண்டோர் இதனினும் குறைவு. ஏப்ரலில் 'டிவி கைடு' இதழின் முதல் தேசியப் பதிப்பின் அட்டையில் அக்குழந்தையின் படம் வந்தது. தொடரின் பெயரால் உறக்க உடைகளும் படுக்கையறைச் சாமான்களும் பொம்மைகளும் விற்பனையாயின. அகம் புறமானது மட்டுமன்றிச் சரக்காகவும் ஆயிற்று.

இதில் வடிவம்சார்ந்த ஒரு விளைவும் உண்டு. தாய்க்கு ஓய்வு தேவைப்பட்ட வாரங்களில், முன்பு காட்டிய பகுதிகளைப் புதிய முன்காட்சியோடு மீண்டும் ஒளிபரப்பினர். மறுஒளிபரப்பு என்னும் பெருவணிகத்தின் தொடக்கங்களுள் ஒன்று இது. படச்சுருளாகச் சேமிக்கப்பட்டிருந்தமையால் இது இயன்றது. மகப்பேறு நேர்ந்தமையால் இது வேண்டியதாயிற்று. கணவரின் ஒப்பந்தம், மனைவியின் உடல் என்னும் இரண்டில் எது இதனைப் படைத்தது என்று கேட்பது பயனற்றது.

பெயர்ப்பட்டியல்

தம்பதியரின் கூட்டைப் போற்றும்போது மூன்றாமவரை மறப்பது எளிது. வானொலிக் காலத்திலிருந்தே எழுதியவர்கள் ஜெஸ் ஆப்பன்ஹைமர், மேட்லின் பியூ, பாப் கேரல் ஆகியோர். தொடரின் அடிப்படைக் கருத்தை 1951இல் எழுத்தாளர் சங்கத்தில் பதிவுசெய்தவர் ஆப்பன்ஹைமர். முதல் ஐந்து பருவங்களின் தயாரிப்பாளரும் அவரே. ஆர்னாஸ் தமக்கு 'நிர்வாகத் தயாரிப்பாளர்' என்ற பட்டம் வேண்டியபோது அவர் உவந்து ஏற்கவில்லை என்பது 1996இல் வெளிவந்த அவருடைய நினைவுநூலால் பெறப்படுகிறது. 1976இல் வெளிவந்த ஆர்னாஸின் தன்வரலாறும், பாலின் மறைவுக்குப்பின் 1996இல் வெளிவந்த தன்வரலாறும் இவற்றை வேறு கோணங்களில் சொல்கின்றன. மூன்றையும் ஒப்பிட்டுப் படிப்போர், ஒவ்வொருவர் எழுத்திலும் 'நான்' எங்கே வருகிறது என்பதை நோக்கினால் பலவற்றை அறியலாம்.

விருதுகள் கூறும் சான்று வெளிப்படையானது. பாலும், தோழியாக நடித்த விவியன் வான்சும் நடிப்பிற்கு எம்மி விருது பெற்றனர். அண்டைவீட்டு ஃப்ரெடாக நடித்த வில்லியம் ஃப்ராலி பரிந்துரைகள் பெற்றார். முதன்மை நடிகர் நால்வருள் ஆர்னாஸுக்கு மட்டும் நடிப்பிற்கான பரிந்துரைகூடக் கிட்டவில்லை. எல்லையாக நிற்பவன் நடிப்பதாகவே எவருக்கும் தோன்றுவதில்லை போலும்.

தன்மைச் சொல் வெளிப்பட்டுப் பேசிய தருணம் ஒன்று உண்டு. 1936இல் பாட்டனாரின் விருப்பத்திற்காகப் பொதுவுடைமைக் கட்சியின் வாக்காளராகப் பதிந்தவர் பால் என்ற செய்தி 1953 செப்டம்பரில் வெடித்தது. பலர் வாழ்வு அழிந்த காலம் அது. அவ்வாரப் படப்பிடிப்பிற்கு முன் அரங்கத்தின்முன் தோன்றிய ஆர்னாஸ், மனைவியிடம் சிவப்பு என்று இருப்பது தலைமுடி ஒன்றே, அதுவும் சாயம் என்ற பொருள்படப் பேசினார். அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. தொடர் பிழைத்தது.

பிரிவிற்குப் பின்

தொடரின் படச்சுருள்களை சி.பி.எஸ். நிறுவனத்திற்கு விற்றதில் 50 இலட்சம் டாலரை ஒட்டிய தொகை கிடைத்தது. 1957இல் டெசிலு, ஆர்.கே.ஓ. படப்பிடிப்பு நிலையங்களை வாங்கியது. ஒருகாலத்தில் ஒப்பந்த நடிகராகக் கூலிபெற்ற இடத்திற்கு இருவரும் உரிமையாளராயினர். வளர்ச்சியின் சுமை ஆர்னாஸின் குடிப்பழக்கத்தையும் வளர்த்தது. 1960இல் மணவிலக்கு நேர்ந்தது. 1962இல் கணவரின் பங்குகளை வாங்கி நிறுவனத் தலைவரானார் பால். 'ஸ்டார் டிரெக்', 'மிஷன்: இம்பாசிபிள்' ஆகிய தொடர்கள் 1966இல் தொடங்கியது அவர் தலைமையில்தான், செலவு குறித்து நிறுவனத்தினுள் எழுந்த எதிர்ப்பை மீறியே அவர் அவற்றிற்குத் துணைநின்றார். வணிக அறிவு கணவருக்கே உரியது என்போர் இவ்வைந்தாண்டுகளுக்கு விடைகூற வேண்டும். 1967இல் நிறுவனத்தை அவர் விற்றார்.

நிருவாகம் தொடர்ந்தது, நகைச்சுவையில் ஏதோ ஒன்று குறைந்தது. 1962இல் தொடங்கிய 'தி லூசி ஷோ'வில் பால் ஒரு கைம்பெண். பிற்பகுதிகளில் அவர் மோதுவது கேல் கார்டன் நடித்த வங்கி அதிகாரியோடு. எழுத்துத்திறனில் குறையில்லை, பாலின் உடல்நகைச்சுவை சில இடங்களில் முன்னினும் தேர்ந்தது. ஆயினும் முன்னைய தொடரில் தடையாக நின்றவனே காதலனும் ஆவான். ஆதலால் ஒவ்வொரு மீறலிலும் ஊடலின் சுவை கலந்திருந்தது. அதிகாரி வெறும் தடை. அவரை வெல்வதில் சிரிப்பு உண்டு, ஊடல் இல்லை. ஆர்னாஸ் 1967 முதல் 1969 வரை தயாரித்த 'தி மதர்ஸ்-இன்-லா'வில் அதே எழுத்தாளர்கள் எழுதினர். மூன்று கேமராக்களும் அரங்கமும் இருந்தன. இரைச்சல் இருந்தது, நடுவே ஒரு லூசி இல்லை. பிரிந்தபின் இருவரும் தனித்தனியே செய்தவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதே அவர்களின் கூட்டு எத்தகையது என்பதற்கு நல்ல சோதனை.

தொடரின் ஒருமணிநேர வடிவத்தின் கடைசிப் பகுதி 1960 மார்ச் 2 அன்று படமாக்கப்பட்டு ஏப்ரல் 1 அன்று ஒளிபரப்பாயிற்று. சிறப்பு விருந்தினர் எர்னி கோவாக்ஸ், ஈடி ஆடம்ஸ். அவர்களும் தொலைக்காட்சியில் இணைந்து பணியாற்றிய கணவன் மனைவியரே. வாய்ப்பின்றி மனமுடைந்திருக்கிறான் ரிக்கி. கோவாக்ஸின் நிகழ்ச்சியில் கணவனுக்கு இடம் வாங்கித் தர, மீசை ஒட்டிக் கார் ஓட்டுநராக வேடமிட்டுச் செல்கிறாள் லூசி. கணவனின் மேடையில் ஏறத் துடித்தவள், கணவனை மேடையேற்றத் துடிப்பவளாக மாறிய பகுதி இது. 1950இல் நிறுவன அதிகாரிகள்முன் பால் செய்தது பத்தாண்டு கழித்துக் கதைக்குள் நுழைகிறது. காட்சியின் இறுதியில் ரிக்கியும் லூசியும் முத்தமிட வேண்டும், முத்தமிட்டனர். அன்று ஆர்னாஸின் பிறந்தநாள். மணவிலக்கு மனு மறுநாள் தாக்கல் செய்யப்பட்டது.